ஒண்ணும் மாறாதுங்க சார்

2025 டிசம்பர் 2, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். விடாத மழை, வடக்கிலிருந்து வந்த காற்று என் குடையை இரண்டு தடவை புரட்டிவிட்டது. பள்ளிகளுக்கு விடுமுறை. சேக்காட்டில் என் மகள் மேகலா நடத்திவந்த கேம் சென்டருக்கு மழை விடுமுறை என்றால் தீபாவளி மாதிரி. பதினான்கு திரைகளும் நிரம்பி, முறைக்குக் காத்திருக்கும் பையன்களின் செருப்புகள் வாசற்படி வரைக்கும் கிடக்கும். அன்றைக்கு ஷட்டர் இறங்கியிருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒரு தாளை அதில் ஒட்டியிருந்தார்கள். 'இக்கிளை மண்ணூர்பேட்டைக்கு மாற்றப்பட்டுள்ளது. உங்களுக்கு எந்த மாற்றமும் இல்லை.'

இரண்டாவது வாக்கியத்தை எழுதியது யார் என்று நான் ஒருவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் தேடிப் போய்ப் பார்ப்பீர்கள். அந்த முகத்தைப் பார்த்தால் நம்பிவிடுவீர்கள். வயதில் என்னைவிட இருபத்தெட்டு ஆண்டு சிறியவர். 'அவன்' என்று எழுத எனக்கு வயது இருக்கிறது, கோபமும் இருக்கிறது. ஆனால் ஆள் கரூர்ப் பக்கம். தெருநாயை விரட்டினாலும் 'போங்க' என்றுதான் விரட்டுவார். என் மகளின் கடையை எடுத்துக்கொண்ட நாளில்கூட என்னிடம் மரியாதை குறையவில்லை. ஆகையால் 'அவர்' என்றே இருக்கட்டும்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அவருக்கு ஒரு பழக்கம். தன் செருப்பைக் கழற்றிய கையோடு, வாசலில் கிடக்கும் மற்றவர்களின் செருப்புகளையும் குனிந்து எடுத்து, எல்லாவற்றையும் சுவரோரம் ஒரே வரிசையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். கையில் ஊரிலிருந்து வந்த முறுக்குப் பொட்டலம் இருக்கும். எங்கள் வீட்டுக்கு அவர் முதன்முதலில் வந்துபோன பிறகு வாசலைப் பார்த்த என் மனைவி, "தங்கமான மனுஷன்" என்றாள். நான் மறுத்துப் பேசவில்லை. ஆவடியில் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்தவன் நான். ஒவ்வொரு பொருளையும் அளந்து, எண்ணி, முத்திரை குத்திய பிறகுதான் வெளியே விடுவோம். ஒழுங்காக ஒன்று நிற்பதைக் கண்டால் மனம் இளகிவிடும். தனித்தனியாகக் கிடக்கும் எதையும் இந்த மனிதரால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவர் எங்களுக்குப் பழக்கமானது மேகலாவின் மேலாளராக. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் அவளுக்கு வேலை. வெளிநாட்டில் தயாராகும் வீடியோ கேம்களை, கடைக்கு வருவதற்கு முன்பே ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்க வேண்டும். 'சம்பளத்துக்கு வெளையாட்டா' என்று உறவுக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு மாதம் முழுக்க அவள் சுவர்களில் முட்டிக்கொண்டிருந்தாள். விளையாட்டுக்குள் ஓர் ஊர். அதில் தெருத்தெருவாக நடந்து ஒவ்வொரு சுவரிலும் முட்ட வேண்டும். ஏதாவது ஒரு சுவர் ஆளை உள்ளே விட்டுவிட்டால் அது பிழை.

"நீங்க இரும்புல பாத்தீங்க, நான் இதுல பாக்கறேன். ரெண்டும் ஒண்ணுதாம்பா" என்பாள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அவர் அந்த மாடியில் ஒரு பிழையையும் கண்டுபிடித்ததாக மேகலா சொன்னதில்லை. பிழையை முடித்துவைப்பதில் அவருக்குத் தனித் திறமை. யாராவது ஒரு கோளாறை எழுதிக்கொண்டு போய் நின்றால், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். பிறகு சொல்வார்: "இது பிழை இல்லீங்கம்மா. டிசைனே அப்படித்தானுங்க." அதோடு அந்தக் கோளாறு முடிந்தது. ஆடுகிறவன் சுவருக்குள் சிக்கிக்கொண்டு செத்தாலும் டிசைன்தான்.

அந்தச் சமயத்தில் கடலுக்கு அப்பால் ஒரு பெரிய கம்பெனி இன்னொரு பெரிய கம்பெனியை வாங்கியது. விளையாட்டைத் தயாரிக்கிறவர்களும், அதை ஓட்டும் பெட்டியை விற்கிறவர்களும் ஒரே கைக்குள் வந்தார்கள். மகளின் பிழைப்பு என்பதால் செய்தித்தாளில் தினமும் தேடிப் படித்தேன். பல நாட்டு அதிகாரிகள் இணைப்பை நிறுத்திவைத்துக் கேட்ட கேள்வி எளிமையானது. விளையாட்டும் உன்னுடையது, பெட்டியும் உன்னுடையது என்றால், அடுத்தவனுடைய பெட்டிக்கு விளையாட்டைக் கொடுப்பாயா? கொடுத்தாலும் தாமதமாகக் கொடுத்து அவனை ஒழிப்பாயா? கொடுப்போம், எழுதியே தருகிறோம் என்றது கம்பெனி. கேட்டவர்கள் ஒவ்வொருவராக வழிவிட்டார்கள்.

இணைப்பு முடிந்த வாரம் நான்காவது மாடியில் கூட்டம் போட்டு கேக் வெட்டினார்கள். அறுபத்திரண்டு பேர். அவர் எழுந்து நின்று சொன்னதை மேகலா வீட்டுக்கு வந்து அதே குரலில் சொல்லிக்காட்டினாள். "எல்லாரும் நிம்மதியா இருங்க. நம்ம மாடியில ஒண்ணும் மாறாதுங்க. போர்டுல பேர் மட்டுந்தானுங்க மாறும்."

ஐந்தாவது மாதம் போர்டும் இல்லை, மாடியும் இல்லை. இப்போது அங்கே சமையலறை அலமாரிகள் விற்கிறார்கள்.

அறுபத்திரண்டு பேருக்கும் ஒரு தொகை கொடுத்து அனுப்பினார்கள். அவருக்கு எவ்வளவு வந்தது என்று அவர் சொல்லவில்லை. புதுக் காரை வைத்து நாங்களாக ஊகித்துக்கொண்டோம். அந்தக் காரில்தான் துக்கம் விசாரிக்கிற மாதிரி எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தார். செருப்புகளை அடுக்கினார். முறுக்கு கொடுத்தார். அடுத்து என்ன செய்யப் போகிறாள் என்று மேகலாவைக் கேட்டார். கையில் இருக்கும் பணத்தோடு என் வைப்புத்தொகையையும் சேர்த்து ஒரு கேம் சென்டர் போடப்போவதாக அவள் சொன்னாள். எத்தனை திரை, என்ன வாடகை, மணிக்கு எவ்வளவு என்று எல்லாம் கேட்டுக்கொண்டார். "நல்ல யோசனைங்கம்மா" என்றார். எட்டு மாதம் கழித்து மண்ணூர்பேட்டையில் முப்பது திரைகளோடு அவருடைய கடை திறந்தது. எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் காபியைக் குடித்துக்கொண்டு எடுத்துப் போன யோசனை.

மேகலாவின் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் போனது என்ன என்று தெரியாது. மணிக்கு அறுபது ரூபாய். கல்லூரிப் பையன்கள், குவார்ட்டர்ஸ் பிள்ளைகள், ஷிப்ட் முடிந்து நேராக வரும் எஸ்டேட் தொழிலாளிகள். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சென்னீர்குப்பம் கடையோடு கால்பந்துப் போட்டி, திரையில்தான். அந்தக் கடையின் சொந்தக்காரன் தாஸ். நெடுஞ்சாலையில் பஞ்சர் கடை வைத்திருந்து கேம் சென்டருக்கு மாறியவன். பரிசு ஓர் எவர்சில்வர் குடம். ஜெயித்த கடை எடுத்துப் போய்த் தன் பெயரையும் மாதத்தையும் பாத்திரக்கடையில் வெட்டி வைத்துக்கொள்ளும். அடுத்த போட்டிக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

தாஸ் தன் பையன்களோடு உள்ளே நுழையும்போதே தொடங்கிவிடுவான். "இன்னா மேகலா, உன் பசங்க ரெடியா கீறாங்களா, இல்ல ஊட்டுக்குப் போயி பூஸ்ட் குடிச்சிட்டு வரட்டுமா?"

"போன மாசம் வாங்கின அஞ்சு கோல மொதல்ல திருப்பிக் குடுங்க அண்ணாத்தே, அப்புறம் பேசலாம்."

"அது பாவம் பாத்துட்டு உட்டது. நைனாவையே கேளு. இன்னா நைனா, பொண்ணு அழுமேன்னு உட்டேனா இல்லியா?"

நைனா என்பது நான். எனக்கு அந்த விளையாட்டில் பந்து எது, ஆள் எது என்று பார்க்கவே கண் பத்தாது. ஆனால் இருபது பேர் ஒரு திரையைப் பார்த்துக் கத்துவதற்கு நடுவில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. குடத்தின் கழுத்தில் சேக்காடு ஏழு தடவையும் சென்னீர்குப்பம் ஐந்து தடவையும் இருந்தது.

மண்ணூர்பேட்டைக்காரர் முதலில் கை வைத்தது தாஸ் மேல். தாஸின் கடைக்கு நேரெதிரில் ஆறு திரைகளோடு ஒரு கிளையைத் திறந்தார். தாஸ் மணிக்கு ஐம்பது வாங்கிக்கொண்டிருந்தான், இவர் இருபது. ஏசி ஓடும் அறையில் இருபது ரூபாய் கரண்டுக்கே காணாது. நஷ்டம் என்று தெரிந்தேதான் போட்டார். மூன்று மாதம் தாக்குப்பிடித்த தாஸ், தான் கேட்ட விலையில் பாதிக்கே கடையை அவரிடம் கொடுத்துவிட்டான். அடுத்த வாரமே எதிர்க்கிளை மூடப்பட்டது. தாஸின் பழைய கடையில் மணிக்கு எண்பது ரூபாய் என்று போர்டு வந்தது.

பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் தாஸைப் பார்த்தேன். "தெனம் காலீல எதுருல வந்து நின்னுகினு, நல்லா இருக்கீங்களா அண்ணான்னு கேப்பாரு நைனா. நா இன்னாத்த சொல்ல? ஒரு நாள் முறுக்கு எட்த்துகினு வந்துட்டாரு. சண்ட எதுக்குங்க, சேந்துக்கலாமுங்கன்றாரு. சண்டயே நா போடல, அவருதான் போட்டாரு."

"நீ ஏண்டா ஒத்துக்கிட்டே?"

"அந்த முறுக்கு நல்லா இருந்துச்சி நைனா" என்று சிரித்தான். அவன் அந்த வாரம் சவரம் செய்திருக்கவில்லை.

எங்களிடம் அவர் விலையைக் குறைக்கவில்லை. வேறு வழி வைத்திருந்தார். கையில் பிடித்து ஆடும் கருவியைக் கன்ட்ரோலர் என்பார்கள். அதிலிருக்கும் குச்சி தேய்ந்துபோனால், யாரும் தொடாமலே திரையிலிருக்கும் ஆள் ஒரு பக்கமாக நடந்து போய்க்கொண்டிருப்பான். வாரத்துக்கு இரண்டு மூன்று தேயும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் இந்தப் பகுதியில் ஒருவர்தான். அம்பத்தூரில் ஒரு வணிகக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே மேசை போட்டிருந்தார். காலையில் கொடுத்தால் மாலையில் வாங்கலாம். அவரை இவர் மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார். மற்றவர்களுடையதைச் செய்யக் கூடாது என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. 'நம்ம கடைங்களுது மொதல்ல முடியட்டுங்க' என்றுதான் சொன்னாராம். எங்கள் கன்ட்ரோலர்கள் ஒன்பது நாள் கழித்து வந்தன, பிறகு பதினாறு நாள். இருபத்தெட்டில் பதினொன்று அந்த மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. பல நாட்டு அதிகாரிகள் அந்தப் பெரிய கம்பெனியிடம் கேட்ட அதே கேள்வி. அம்பத்தூரில் அதைக் கேட்க ஆள் இல்லை.

பையன்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தார்கள். அந்த ஆகஸ்டில் ஒரு மாலை அவருடைய கார் எங்கள் வாசலில் நின்றது. வெளியே செருப்புகள் வரிசையாகும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க சார், ஒரே தொழில் பாக்கறவங்க எதுக்குங்க நமக்குள்ள அடிச்சுக்கறது? சேந்துக்கலாமுங்க. மேகலாம்மா அங்கியே இருப்பாங்க. அதே கடை, அதே நாற்காலி, அதே பசங்க. ஒண்ணும் மாறாதுங்க சார்."

"போன தடவ இதச் சொன்னப்போ கேக் குடுத்தீங்க சார்" என்றாள் மேகலா.

அவருக்கு முகம் மாறவில்லை. "அது மேல இருந்தவங்க சொல்லச் சொன்னதுங்கம்மா. இப்ப நானே சொல்றேனுங்க" என்று கண்ணாடியைத் துடைத்தார்.

கையெழுத்துப் போட்டதும் மூன்று லட்சம். அதற்குப் பிறகு சேக்காடு கிளையின் வருமானத்தில் மாதம் முப்பது சதவீதம். மேகலா பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் மூன்று ஆண்டுக்கு வேறு கடை போடக் கூடாது. இதுதான் ஒப்பந்தம். ஐந்து தடவை படித்தேன். முப்பது சதவீதம் என்பது கரண்ட் செலவைக் கழித்தா, கழிக்காமலா என்று கேட்டேன். "கழிக்காமயே வச்சுக்கலாமுங்க சார், உங்களுக்கில்லாததா" என்று பேனாவை எடுத்து அந்த இடத்திலேயே திருத்தினார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அவர் போன பிறகு மேகலா கேட்டாள். "கடைய மூடிட்டார்னா, அப்பா?"

"மூடறதுக்கா ஒருத்தன் மூணு லட்சம் குடுப்பான்?" என்றேன்.

தொழிற்சாலையில் நான் பார்த்த வரைக்கும் ஒரு பொருளைப் பணம் கொடுத்து வாங்குவது ஓட்டுவதற்காக. வாங்கி உடைத்துப் போடுவதற்கென்றே ஒருவர் வாங்குவார் என்பது என் ஆய்வுப் பட்டியல் எதிலும் இருந்ததில்லை.

ஒப்படைத்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பிரிவின் வழக்கப்படி, ஒவ்வொரு பொருளையும் நேரில் பார்த்து எண்ணித்தான் கொடுப்பேன் என்றேன். "கண்டிப்பாங்க சார், அதுதான் முறை" என்றார். ஒவ்வொரு நாற்காலியின் அடியிலும் நான் முன்பே வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருந்தேன்: சே-1 முதல் சே-30 வரை. நாற்காலிக்கு நாற்காலி நான் குனிந்து பார்க்க, அவர் தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்தார். திரைகள், பெட்டிகள், கன்ட்ரோலர்கள், மின்விசிறிகள், பிளக் பாயின்ட் வரைக்கும் பார்த்தோம். நான்கு மணி நேரம். ஒரு தடவை கூட முகம் சுளிக்கவில்லை. அத்தனை பொறுமையாக எனக்கு டார்ச் பிடித்தவர் என் வேலைக்காலத்தில்கூட இல்லை.

நான் கடைசி பிளக் பாயின்டை எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் மேகலாவிடம் சாதாரணமாகச் சொன்னது காதில் விழுந்தது. "அந்த செல்போன் குரூப்புல என்னையும் ஒரு அட்மினாப் போட்டுருங்கம்மா. அவ்வளவுதானுங்க."

மேகலா போட்டாள். கடைக்கு வரும் பையன்கள் அத்தனை பேரும் அந்தக் குரூப்பில்தான் இருந்தார்கள். நேரம் பதிவு செய்வது, அணி பிரிப்பது, சென்னீர்குப்பத்தைக் கிண்டல் செய்வது எல்லாம் அதில்தான். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். மூன்று லட்சம் அதற்குத்தான். நான் முத்திரை குத்தி ஒப்படைத்த மற்றதெல்லாம் அவருக்கு வெறும் மரச்சாமான்.

செப்டம்பரில் முப்பது சதவீதம் 41,220 ரூபாய் சரியாக வந்தது. அக்டோபரில் 38,520. நவம்பரில் குரூப்பில் செய்திகள் வர ஆரம்பித்தன. மண்ணூர்பேட்டையில் வார இறுதியில் பாதி விலை. ஆவடியிலிருந்து இலவச வேன். சேக்காட்டில் இன்று இடமில்லை. சேக்காட்டில் அன்று ஐந்து திரைகள் காலியாக இருந்ததை நானே பார்த்தேன். அந்த மாதம் 22,410. டிசம்பர் ஒன்றாம் தேதி மேகலாவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று மண்ணூர்பேட்டைக்கு வரவழைத்து, சாயங்காலம் வரைக்கும் உட்கார வைத்தார்கள். அவள் அங்கே இருந்தபோது இங்கே சாமான்கள் வண்டியேறின. மறுநாள் காலை மழையில் நின்று நான் அந்தத் தாளைப் படித்தேன்.

படித்துவிட்டு அங்கேயே, கடைப் படியில் நின்றபடி அவருக்குப் போன் செய்தேன்.

"முப்பது சதவீதம் என்னாச்சு?"

"குடுக்கறேனுங்க சார். குடுக்க மாட்டேன்னு நான் எப்பங்க சொன்னேன்? சேக்காட்டு வருமானத்துல முப்பது. அப்படியே இருக்குதுங்க, ஒண்ணும் மாறல."

"கடையே இல்லாம வருமானம் எங்கேருந்து வரும்?"

மறுமுனையில் துணி உரசும் சத்தம் கேட்டது. கண்ணாடியைத் துடைக்கிறார் என்று தெரிந்தது.

"டிசைனே அப்படித்தானுங்க சார்" என்றார். குரலில் குத்தல் இல்லை, வெற்றி இல்லை. மழையில் நனையாமல் வீட்டுக்குப் போகச் சொன்னார்.

வக்கீல் பன்னிரண்டாயிரம் வாங்கிக்கொண்டு ஒரு நோட்டீஸ் அனுப்பினார். கடையை மூடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று பதில் வந்தது. இல்லைதான். கம்பெனிகள் ஒன்றுசேர்ந்து போட்டியை ஒழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகள் தில்லியில் இருக்கிறார்கள் என்று படித்திருந்தேன். அவர்களுக்கு நான்கு பக்கம் எழுதி, வரைபடத்தில் கவராயத்தால் பன்னிரண்டு கிலோமீட்டர் வட்டமும் போட்டு இணைத்தேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அந்த வட்டத்துக்குள் இருந்தன. விரைவுத் தபால் எண்பத்தாறு ரூபாய். பதில் வந்தது, மரியாதையான பதில். தாங்கள் குறிப்பிடும் இணைப்பு, ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிதல்ல. பெரியவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பினார்கள். சிறியவருக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

ஜனவரி முதல் வாரம் மேகலா காலையில் குளித்துத் தயாராகி நின்றாள். மண்ணூர்பேட்டையில் வேலைக்குச் சேரப் போவதாகச் சொன்னாள். பதினான்காயிரம் சம்பளம்.

"அந்த ஆள்கிட்டயா?"

"வேற யார்கிட்டப்பா? எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான். நானாக் கடை போடக் கூடாது. இந்த ஏரியாவுல இந்த வேலைக்கு ஆள் எடுக்கறவர் இப்போ அவர் ஒருத்தர்தான். அதனாலதான் பதினாலாயிரம். இல்லன்னா இருபது கேட்டிருப்பேன்."

வாசலில் தன் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு போனாள்.

ஜனவரி இருபத்தைந்து, மாதக் கடைசி ஞாயிறு. போட்டி இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஆவடி நிலையத்தில் அந்த இலவச வேனுக்குக் காத்திருந்தேன். ஓட்டிவந்தது தாஸ்.

"ஏறு நைனா. இன்னா அப்டிப் பாக்கற? நானும் அவரு ஆளுதான் இப்ப. சேந்துக்கலாம்னாருல்ல, சேத்துகினாரு."

"வாடகை?"

"போறதுக்கு ஃப்ரீ. திரும்பி வரணும்னா ஒரு ஹவர் போட்ட ரசீது காட்டணும். கம்பெனி ரூலு. என்னிய மொறைக்காத, நா ரூலு போடல."

அந்தக் கடை பெரிய கூடம். வாசலில் நூற்றுக்கு மேல் செருப்புகள், சுவரோரம் நேர்கோடாக. உள்ளே போட்டி நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் சேக்காடு, ஒரு பக்கம் சென்னீர்குப்பம். எல்லோருக்கும் ஒரே டீ-சர்ட். நெஞ்சில் மண்ணூர்பேட்டைக் கடையின் பெயர் பெரிதாக, ஊர்ப் பெயர் தோளில் சின்னதாக. யாரோ கோல் போட்டார்கள். ஒரு பையன் கைதட்ட ஆரம்பித்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். குடம் கவுன்ட்டர் மேல் இருந்தது. அதற்குள் தண்ணீர் பாட்டில் மூடிகள் கிடந்தன.

"யாரு ஜெயிச்சாலும் கொடம் இங்கதான் நைனா இருக்கப் போவுது" என்றான் பின்னால் வந்த தாஸ். "அப்புறம் எவன் கத்துவான்?"

அவர் என்னைப் பார்த்துவிட்டார். "வாங்க சார், வாங்க" என்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டி வாசலுக்குப் போய், நான் படியோரம் விட்டிருந்த செருப்பை எடுத்து வரிசையில் வைத்துவிட்டுத் திரும்பினார். "ரொம்ப மெலிஞ்சுட்டீங்களே சார்" என்றார். உண்மையான வருத்தத்தோடு சொன்னார். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கவுன்ட்டருக்குப் பின்னால் மேகலா. அவளுக்கும் அதே டீ-சர்ட்.

"நிக்காதீங்கப்பா, கால் வலிக்கும். ஆனா உக்காரணும்னா ஹவர் போடணும்."

"எவ்வளவு?"

"நூத்தி இருபது."

"நம்ம கடையில அறுபதுதானே?"

"இப்ப இது ஒண்ணுதானேப்பா இருக்கு."

"பெத்த அப்பனுக்குமா?"

"சிஸ்டத்துல அப்பாவுக்குன்னு ரேட் கெடையாது." லேசாகச் சிரித்தாள். பணத்தை வாங்கிக்கொண்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

"எப்படிம்மா இருக்கு இங்க?"

திரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "அவர் சொன்ன மாதிரியே ஒண்ணும் மாறலப்பா. அதே மேனேஜர். ஒம்பதரைக்கு மெஷின்ல கை வைக்கணும். லீவு கேட்டா கண்ணாடியத் தொடைக்கறார்."

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்ததும் கை தானாக அடியில் போனது. பெயின்ட் தடிப்பாக விரலில் பட்டது. ஒரு 'சே', ஒரு கோடு, ஓர் ஏழு. என் கையெழுத்துதான்.

திரையில் ஓர் ஊரும் அதில் ஓர் ஆளும் எனக்காகக் காத்திருந்தார்கள். கன்ட்ரோலரை எப்படிப் பிடிப்பது என்று பக்கத்திலிருந்த பையன் காட்டிக்கொடுத்தான். குச்சியை முன்னால் தள்ளினேன்; அந்த ஆள் போய்ச் சுவரில் முட்டினான். திருப்பி அடுத்த சுவரில் முட்ட வைத்தேன். மேகலா சொன்ன முறைப்படி, தெருத்தெருவாக, ஒன்றையும் விடாமல். எங்காவது ஒரு சுவர் உள்ளே விடுகிறதா என்று பார்த்தேன். மணி முடிந்து திரை கறுக்கும் வரைக்கும் எதுவும் விடவில்லை.

தாஸிடம் ரசீதைக் காட்டி வேனில் ஏறிக் கணக்குப் பார்த்தேன். மேகலாவின் பணம் அவளுடைய கணக்கு. நான் பார்த்தது என்னுடையதை. வைப்புத்தொகையிலிருந்து எடுத்துப் போட்டது ஏழு லட்சத்து எண்பதாயிரம். அதில் அந்த மூன்று லட்சமும் மூன்று மாதப் பங்கும் திரும்பி வந்ததைக் கழித்து, வக்கீலுக்கும் தபாலுக்கும் போனதைக் கூட்டி, என்னுடைய நாற்காலியில் நான் உட்கார்ந்ததற்கான நூற்றிருபதையும் சேர்த்தால், மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரத்து ஐம்பத்தாறு ரூபாய்.